பேரங்காடிக்குக் கீழே ஓர் ஊர்

(ஜொகூர் பாருவில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



'புத்துயிர் பெற்ற ஜொகூர் பாரு: காண்பதற்கும் வாங்குவதற்கும்' என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. பார்க்கவேண்டிய இடங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அதற்கு நான் எதற்கு? விமான நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கிற கைப்பிரசுரமே போதும். நான் உங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்க வந்திருக்கிறேன். இந்த ஊருக்கு வருகிறவர்கள் எங்கே இறங்குகிறார்கள்? இறங்குகிற இடத்தில் நாம் இருக்கிறோமா?

சனிக்கிழமை காலையில் சுங்கத்துப் பக்கம் போய் நின்று பாருங்கள். குடிநுழைவுச் சோதனையை முடித்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக வெளியே வருகிறார்கள். வந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? மேல்தளத்திலிருந்தே ஒரு நடைபாலம் போகிறது. அதில் நடந்தால் நேராக சிட்டி ஸ்குவேர் பேரங்காடி. அதற்குப் பக்கத்திலேயே கொம்தார். குளிர்சாதனத்திலிருந்து குளிர்சாதனத்துக்கு! காலில் ஜொகூர் மண் படவில்லை, தலையில் ஜொகூர் வெயில் படவில்லை. முடி வெட்டிக்கொள்கிறார்கள், மூக்குக்கண்ணாடி வாங்குகிறார்கள், பல் மருத்துவரிடம் பல்லைக் காட்டுகிறார்கள், வீட்டுச் சாமான்களைப் பைநிறையத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கேட்டால், 'ஜேபிக்குப் போய்வந்தோம்' என்கிறார்கள். போய்வந்தார்களா?

அந்தப் பேரங்காடியின் படிக்கட்டில் இறங்கினால் கீழே ஓர் ஊர் இருக்கிறது. ஏறக்குறைய 170 ஆண்டு வயதுள்ள ஊர். இன்று நான் பேசப்போவது அந்த ஊரைப் பற்றி.

1855-இல் ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் டாயேங் இப்ராஹிம் இங்கே ஒரு குடியிருப்பை அமைத்தார். அன்றைக்கு இதன் பெயர் தஞ்சோங் புத்ரி. அவர் மகன் அபு பக்கார் 1866-இல் ஜொகூர் பாரு என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்து ஜொகூரின் செல்வம் எது தெரியுமா? ரப்பர் கிடையாது, செம்பனை கிடையாது. காம்பீர் என்ற பயிரும் மிளகும். ஆற்றோரங்களில் காட்டை வெட்டி அந்தத் தோட்டங்களைப் போட்டவர்கள் சீனர்கள். அவர்களுடைய தலைவர்களில் ஒருவர் தான் ஹியோக் நீ. அவர் பெயரில் இங்கே ஒரு தெரு இருக்கிறது. அவர் குடியேறிக் கட்டிய மாளிகை சிங்கப்பூரில் இருக்கிறது, அங்கே அது தேசிய நினைவுச் சின்னம். ஒரே மனிதர், இரண்டு கரை! இங்குள்ள பெரிய அரண்மனையைக் கட்டிய வோங் ஆ ஃபூக் தச்சராக வந்தவர். நகரத்தின் முக்கியமான சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பின்னாளில் சுல்தானான அந்த அபு பக்கார் 1866-இலேயே இங்கிலாந்துக்குப் போய்வந்தவர். விக்டோரியா மகாராணியாரின் நட்பைப் பெற்றவர். அவருடைய பெயரைத் தாங்கிய பள்ளிவாசலைப் பார்த்திருப்பீர்கள். 1892-இல் தொடங்கி 1900-இல் கட்டி முடித்தார்கள். கட்டி முடித்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1895-இல் லண்டனில் காலமாகிவிட்டார். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் மினாராக்களைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். ஆங்கில நகரங்களின் மணிக்கூண்டுகளைப் போலவே இருக்கும். நீரிணையைப் பார்த்தபடி நிற்கும் ஒரு மலாய்ப் பள்ளிவாசலில் ஆங்கிலேய மணிக்கூண்டு! இந்த ஊர் பிறந்த நாளிலிருந்தே பல கைகள் சேர்ந்து கட்டிய ஊர்.

சரி, அந்தக் கைகளில் நம் கை எங்கே?

1909-இல் ஜொகூர் ரயில் பாதை முடிந்து, இங்கே ரயில் நிலையம் எழுந்தது. 1911-இல் ஜாலான் உங்கு புவானில் அருள்மிகு ராஜமாரியம்மன் தேவஸ்தானம் எழுந்தது. அன்றைய சுல்தான் இப்ராஹிம் நிலம் கொடுத்தார், கூத்தப்பெருமாள் வாண்டையார் என்பவர் முன்னின்றார். இரண்டு ஆண்டு இடைவெளியில் ரயிலும் மாரியம்மனும்! இதற்கு நான் விளக்கவுரை சொல்லவேண்டுமா? தண்டவாளம் போன வழியெல்லாம் பால்மரம் போயிற்று, பால்மரம் போன வழியெல்லாம் தமிழன் போனான், தமிழன் போன இடமெல்லாம் மாரியம்மன் போனாள். கூலாய், லாயாங் லாயாங், ரெங்கம், குளுவாங், லாபிஸ், சிகாமட் என்று ஜொகூரின் ஊர்ப்பெயர்களைச் சொன்னாலே நம் பெற்றோர், பாட்டன் பாட்டியின் முகவரியைச் சொன்ன மாதிரிதான். 1923-இல் நீரிணையின் மேல் போட்ட பாலத்தில் ரயில் நேராக சிங்கப்பூருக்கே ஓடத் தொடங்கியது. தோட்டத்திலிருந்து பேருந்து ஏறித் தீபாவளிக்குத் துணி எடுக்க வந்தவர்கள், தாலிக்குப் பொன் வாங்க வந்தவர்கள், மகனுக்கு முதல் காலணி வாங்க வந்தவர்கள், எல்லாரும் இந்தத் தெருக்களில்தான் நடந்தார்கள்.

அந்தத் தெருக்கள் இடையில் என்ன ஆயின?

வெளியே வளர்ந்தோம் நண்பர்களே, உள்ளே தேய்ந்தோம். 2006-இல் இஸ்கந்தர் மலேசியா திட்டம் வந்தது. 2,217 சதுர கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதற்குப் பிறகு பாருங்கள். 2011-இல் கூலாயில் விலைக்கழிவுப் பெருங்கடைகள் வந்தன. 2012-இல் ஆசியாவின் முதல் லெகோலேண்ட் வந்தது. 2019-இல் மிட் வேலி சவுத்கீ. பிளாசா பெலாங்கி, ஹாலிடே பிளாசா, கேஎஸ்எல், அங்சானா என்று ஏற்கெனவே இருந்தவை வேறு. நான் பேரங்காடிக்கு எதிரி கிடையாது. என் வீட்டு அரிசியும் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் ஒரு பேரங்காடியைச் சுற்றிப் பார்த்தவன் உலகத்துப் பேரங்காடிகளில் பாதியைப் பார்த்த மாதிரிதான். அதற்குமேல் அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ஊர் சுற்றிலும் வளர வளர, நடுவில் இருந்த பழைய நகரம் காலியாகிக்கொண்டே வந்தது. பிள்ளைகள் புறநகர்த் தாமான்களுக்குக் குடிபோனார்கள். மாலை 6 மணிக்கு மேல் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கின. ஊர் நடுவே ஓடும் செகெட் ஆறு நாறியது. என்ன செய்தார்கள்? நாற்றத்துக்கு மருந்து பார்க்காமல், மேலே கான்கிரீட்டைப் போட்டு ஆற்றையே மூடினார்கள்! மூடினால் நாற்றம் போய்விடுமா?

இன்னொரு பயமும் இருந்தது. வழிப்பறி. 2013-இல் எர்னஸ்ட் ஸக்கரேவிச் என்ற ஓவியர், பினாங்குச் சுவர்களில் வரைந்து பெயர் பெற்றவர், இங்கே தாமான் மோலேக்கில் ஒரு சுவரில் படம் வரைந்தார். லெகோ பொம்மை வடிவத்தில் ஒரு பெண், கையில் விலையுயர்ந்த பை. சுவரின் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு லெகோ பொம்மை, கையில் கத்தி. ஊரே சிரித்தது. மாநகராட்சி சிரிக்கவில்லை. வெள்ளையடித்து அழித்துவிட்டது. அழித்த பிறகு அந்தப் படம் ஒளிப்படமாக உலகம் முழுவதும் போனது! அன்றைக்கு நம் ஊருக்கு இருந்த பெயர் அது. ஆற்றை மூடியதும் சுவரை வெள்ளையடித்ததும் எனக்கு ஒரே காரியமாகத்தான் படுகிறது.

பிறகு புத்தி வந்தது. ஆற்றின் மேலே போட்ட கான்கிரீட்டை உடைத்தார்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்க ஆலை அமைத்தார்கள். ஜாலான் வோங் ஆ ஃபூக் ஓரமாக செகெட் மறுபடியும் வெயிலைப் பார்த்தது. தேம்ஸ் நதி ஆகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போய்ப் பாருங்கள், இன்னும் செய்யவேண்டியது நிறைய இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் ஊர் தன் முகத்தை மூடிக்கொள்வதை நிறுத்தியது. அதுதான் தொடக்கம்.

ஆற்றைத் திறந்ததால் மட்டும் கூட்டம் வந்துவிட்டதா? இல்லை நண்பர்களே. கூட்டத்தைக் கூட்டி வந்தது வேறு ஒன்று. விறகடுப்பு!

ஆம், விறகடுப்புதான். ஜாலான் தான் ஹியோக் நீயில் ஹியாப் ஜூ என்று ஒரு ரொட்டிக்கடை. 1919-இலிருந்து இருக்கிறது. அங்கே வாழைப்பழ கேக்குக்காக நிற்கிற வரிசையைப் பார்த்திருக்கிறீர்களா? கொஞ்சம் நடந்தால் ஜாலான் டோபி. ஒரு காலத்தில் செகெட் ஆற்றில் துணி வெளுத்த சலவைத் தொழிலாளிகள் இருந்த பக்கம் அது. அங்கே சலாஹுதீன் ரொட்டிக்கடை. 1937-இலிருந்து நம் இந்திய முஸ்லிம் குடும்பத்தார் நடத்துவது. அங்கேயும் விறகடுப்பு. மாவை உருட்டி, உள்ளே கறியை வைத்து மூடி, நீண்ட மரத்துடுப்பால் அடுப்புக்குள்ளே தள்ளி, அதே துடுப்பால் வெளியே இழுக்கிறார்கள். விலை அதிகமில்லை. அலங்காரம் இல்லை. குளிர்சாதனம் இல்லை. ஆனால் சியோலிலிருந்து வந்த பெண்ணும் சிங்கப்பூர் தோ பாயோவிலிருந்து வந்த தாத்தாவும் அந்த வாசலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எதற்காக? ரொட்டி எங்கே கிடைக்காது? அவர்கள் பார்க்க வந்தது அந்தத் துடுப்பை, அந்த அடுப்பை, அந்தக் கையை.

இங்கே எனக்கு ஓர் எண்ணம் அழுத்தமாக உண்டு. நம் பழைய நகரத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் சுவரில் பூப்படம் வரைந்தவர்களோ, மரநாற்காலி போட்டுக் கோப்பியை மூன்று மடங்கு விலைக்கு விற்பவர்களோ கிடையாது. அவர்கள் பின்னால் வந்தவர்கள். மோசமான ஆண்டுகளிலும் அடுப்பை அணைக்காமல் இருந்த நான்கைந்து கடைக்காரர்கள்தான் இந்த ஊரைக் காப்பாற்றினார்கள். 1946-இல் தொடங்கிய ஹுவா முய் உணவகத்தைச் சொல்லலாம். ஜாலான் வோங் ஆ ஃபூக்கில் காம் லோங்கின் மீன்தலைக் குழம்புக்குக் காலையிலேயே வரிசை நிற்பதைச் சொல்லலாம். இவர்கள் போயிருந்தால் புதியவர்கள் எதைப் பார்த்து வந்திருப்பார்கள்?

சரி, பேரங்காடியிலிருந்து இறங்கி என்னோடு ஒரு நடை வாருங்கள்.

ஜாலான் த்ருஸுக்குப் போவோம். அங்கே ஜொகூர் பழைய சீனக் கோயில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டுக் கோயில். ஒரே கூரையின் கீழே ஐந்து தெய்வங்கள். தியோச்சியூ, ஹொக்கியன், ஹக்கா, கந்தோனீஸ், ஹைனானீஸ் என்று ஐந்து மொழிக் கூட்டத்தாருக்கும் ஆளுக்கொரு சாமி. நம் ஊரில் இரண்டு சங்கத்துக்காரர்கள் ஒரே மேடையில் உட்காரமாட்டேன் என்கிறார்கள். அவர்கள் ஐந்து சாமியை ஒன்றாக உட்காரவைத்துவிட்டார்கள்! சீனப் புத்தாண்டு முடிந்து, முதல் மாதத்தின் 20-ஆம் நாள் தொடங்கி சிங்கே ஊர்வலம் நடக்கிறது. ஐந்து சாமிகளும் பல்லக்கில் நகர்வலம் வருவதைப் பார்க்க லட்சக்கணக்கில் மக்கள் கூடுகிறார்கள். அதே ஜாலான் த்ருஸில் சீக்கியரின் குருத்வாரா. அருகே ஜாலான் டியூக்கில் இந்தியப் பள்ளிவாசல். ஜாலான் கெரேஜாவில் 1883-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் தேவாலயம். நடக்கிற தூரத்தில் நம் ராஜமாரியம்மன். உலகத்தில் எத்தனை ஊருக்கு இது வாய்த்திருக்கிறது? ஒன்றரை மணி நேரத்தில் கால் வலிக்காமல் இத்தனை வழிபாட்டு இடங்களைப் பார்த்துவிடலாம், நடுவில் பசியாறவும் செய்யலாம்.

ராஜமாரியம்மன் கோயிலைச் சுற்றியிருப்பதுதான் நம் லிட்டில் இந்தியா. நீளமான தெரு இல்லை. பூக்கடை, துணிக்கடை, நகைக்கடை, மளிகை, வாழையிலைச் சாப்பாடு. தீபாவளி நெருங்கும்போது விளக்கும் கூடாரமும் முறுக்கும் பாட்டுமாக நடக்க இடமில்லாத தெரு. ஆண்டின் மற்ற மாதங்களில்? அந்த மற்ற மாதங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

மாலை கட்டுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? கையைப் பார்க்காமல் கட்டுவார். ஒரு கண் தெருவில் இருக்கும், வாய் வாடிக்கையாளரிடம் பேசும், விரல் மட்டும் நாரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். சாமிக்கு ஒரு மாலை, கல்யாணத்துக்கு ஒரு மாலை, இழவுக்கு ஒரு மாலை, ஒவ்வொன்றுக்கும் கட்டு வேறு, பூ வேறு, நீளம் வேறு. விறகடுப்பைப் பார்க்கச் சியோலிலிருந்து வருகிறவள் இதைப் பார்க்கமாட்டாளா? பார்ப்பாள். யார் அவளைக் கூப்பிட்டோம்? யார் அவளுக்கு விளக்கிச் சொன்னோம்? வாசலில் ஒரு சிறிய பலகை, மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் தமிழிலும் நான்கு வரி. அதற்கு என்ன செலவாகும்?

நாம் நினைத்தால் முடியாது என்று யாரும் சொல்லவேண்டாம். நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. ஜாலான் தெப்ராவ் பக்கத்தில் அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கோயில். 1922-இல் ஒரு சாதாரணக் குடிலாகத் தொடங்கிய கோயில். தோட்டத்துப் பாட்டாளிகளும் ரயில்வே ஆட்களும் கும்பிட்ட இதுபோன்ற சின்னக் கோயில்கள் இந்த நாட்டில் எத்தனையோ இருந்தன, எத்தனையோ போய்விட்டன. இது போகவில்லை. கோயிலின் தலைமை அர்ச்சகர் சின்னத்தம்பி சிவசாமி பாங்காக்கில் கண்ணாடி வேலைப்பாட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு, 'அழகாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டு வந்துவிடவில்லை. 2009-இல் கோயிலையே கண்ணாடியால் இழைத்து முடித்தார்கள். சுவரிலும் தூணிலும் கூரையிலும் ஏறக்குறைய 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள், சிவப்பும் நீலமும் மஞ்சளும் பச்சையுமாக. இன்னொரு சன்னதியின் சுவர் முழுவதும் நேபாளத்து ருத்ராட்சம். 2010-இல் மலேசியச் சாதனைப் புத்தகம் அதை நாட்டின் முதல் கண்ணாடிக் கோயில் என்று பதிந்தது. இன்று ஜொகூர் பாரு என்று எந்தச் சுற்றுலாப் படத்தொகுப்பைத் திறந்தாலும் அந்தக் கோயில் இருக்கிறது.

அந்தக் கண்ணாடி எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். கருங்கல்லும் எண்ணெய்ப் பிசுக்கும் இருட்டும் இருந்தால்தான் எனக்குச் சாமி தெரிகிறது என்று சொல்கிற பழைய ஆள் நான். ஆனால் ஒன்றை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். வருகிற அயலாருக்கு வாசலைத் திறந்துவிட்டு, வருகிறவர் வியக்கும்படி ஒன்றைக் காட்டி, அதே நேரத்தில் பூசையையும் விடாமல் நடத்துகிறார்கள். நம் சமூகத்தில் இந்த மூன்றையும் ஒன்றாகச் செய்தவர்கள் குறைவு.

பழைய நகரத்தை நிமிர்த்தியவர்கள் வேறு எங்கே என்று பார்க்க, முன்பு சொன்ன இங்கிலாந்துக்குப் போவோம். அங்கே லிவர்பூல் என்று ஒரு துறைமுக நகரம். பருத்தியும் சர்க்கரையும் தேயிலையும் வந்திறங்கிய ஊர். 1846-இல் திறந்த ஆல்பர்ட் கப்பல்துறை, கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக உதவாமல் போய், 1972-இல் மூடப்பட்டது. சேறு அடைத்தது. இடித்துவிடலாம் என்றுகூடப் பேசினார்கள். இடிக்கவில்லை. 1988-இல் கடையும் ஓவியக்கூடமும் உணவகமுமாகத் திறந்தார்கள். 2004-இல் யுனெஸ்கோ அந்தத் துறைமுகப் பகுதியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2008-இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரம் என்ற பட்டம், அதே ஆண்டில் நகரத்தின் நடுவில் மாபெரும் கடைத்தொகுதி. சரிந்த ஊர் நிமிர்ந்தது என்று உலகமே பாராட்டியது.

அதோடு கதை முடிந்ததா? ஆற்றங்கரையில் மேலும் மேலும் கட்டினார்கள். 2021-இல் யுனெஸ்கோ அந்தப் பட்டத்தைத் திரும்பப் பறித்துக்கொண்டது. உலகத்தில் அப்படிப் பட்டத்தை இழந்த மூன்றாவது இடம் அது. எதைப் பார்க்க ஆள் வந்தார்களோ, அதையே மறைத்துக்கொண்டு கட்டினால் வேறு என்ன நடக்கும்?

லிவர்பூலிடம் நாம் கற்கவேண்டிய இன்னொரு காரியமும் உண்டு. அதே கப்பல்துறையில் 2007-இல் அடிமை வணிக அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார்கள். தங்கள் ஊர் யாருடைய முதுகின் மேல் பணக்கார ஊரானது என்று தாங்களே எழுதிவைத்தார்கள். இங்கே ஜாலான் இப்ராஹிமில் சீனர் மரபு அருங்காட்சியகம் இருக்கிறது. காம்பீர்த் தோட்டத்துக் கருவிகளையும் பழைய கடைத்தெருவின் படங்களையும் சங்கத்து ஆவணங்களையும் அருமையாக வைத்திருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். பார்த்துவிட்டு வெளியே வரும்போது ஒவ்வொரு தமிழருக்கும் ஒரு கேள்வி வரவேண்டும். தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அடித்த மணி எங்கே? பால்வாளி எங்கே? உளி எங்கே? கங்காணியின் கணக்குப் புத்தகம் எங்கே? லயத்தில் நம் பாட்டி சமைத்த சட்டி எங்கே? இவையெல்லாம் நம் வீட்டுக் கொல்லையில் துருப்பிடித்துக்கொண்டிருக்கின்றன நண்பர்களே. பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள்.

பினாங்கையும் ஒரு நிமிடம் பார்ப்போம். ஜார்ஜ் டவுனில் பழைய வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு பிறந்ததோடு முடிந்தது. 2008-இல் உலக மரபுச் சின்னம் என்ற பெருமை வந்தது. பெருமை வந்ததும் வாடகை ஏறியது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். கட்டடம் அழகாக நிற்கிறது, உள்ளே இருந்த மனிதர் இல்லை. இதை ஏன் சொல்கிறேன்? நமக்கும் அந்த நேரம் வந்துகொண்டிருக்கிறது.

எப்படி என்று கேட்பீர்கள். வரப்போகிற கூட்டத்தால். இப்போது ஜேபி சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஓடும் தெப்ராவ் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பயணம் 5 நிமிடம். இங்கிருந்து போக 5 ரிங்கிட், அங்கிருந்து வர 5 சிங்கப்பூர் வெள்ளி. எண் ஒன்றுதான், ஆனால் வருகிறவர் மூன்று மடங்குக்கு மேல் கொடுக்கிறார். 1973 வரைக்கும் இரண்டு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாறின என்று இங்கே எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அன்றைக்கு நாம் தீபாவளிக்குச் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்குப் போனோம். இன்றைக்கு அவர்கள் இங்கே வருகிறார்கள். அந்த மூன்று மடங்குதான் காரணம், வேறு மந்திரம் இல்லை. அந்த ரயிலுக்குச் சீட்டுக் கிடைப்பது குதிரைக்கொம்பு. இதற்குப் பதிலாகத்தான் புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஆர்டிஎஸ் ரயில். 4 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச் செல்லக்கூடியது. 2026 இறுதிக்குள் ஓடத் தொடங்கவேண்டும் என்பது திட்டம். மணிக்கு 10,000 பேர்! 2025 ஜனவரியிலிருந்து நம் மாநிலத்துக்கு வார விடுமுறையும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. அவர்களுக்கும் நமக்கும் ஒரே நாளில் ஓய்வு. அதே 2025 ஜனவரியில்தான் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தானது.

அத்தனை பேரும் எங்கே இறங்குவார்கள்? நாம் கூப்பிடாவிட்டால் பேரங்காடியில்தான். கூப்பிட்டால் கீழே. ஆனால் கீழே இறங்கியவருக்கு நம் தெருவில் திறந்த கடை இருக்கவேண்டும், கடைக்குள் ஆள் இருக்கவேண்டும்.

ஆள் என்று சொன்னதும் முன்வரிசையில் வணிகர்கள் பெருமூச்சு விடுவது தெரிகிறது. உண்மைதான். முடிதிருத்தகம், துணிக்கடை, நகைத்தொழில், நம்மவர் அதிகம் இருக்கும் இந்த மூன்று துறைக்கும் 2009-இலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர் கிடைக்கவில்லை. 2023-இல் 7,500 பேருக்கு அனுமதி என்று அரசாங்கம் அறிவித்தது. அறிவிப்பு வேறு, ஆள் வந்து நாற்காலிக்குப் பின்னால் கத்தரிக்கோலோடு நிற்பது வேறு. அதற்காகக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும், சங்கங்கள் விடக்கூடாது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் வீட்டுப் பிள்ளை சிங்கப்பூரில் பேரங்காடிக் கடையில் நாள் முழுதும் நின்று வேலை செய்கிறான். விடியற்காலை 4 மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் ஏறுகிறான். அவனை அப்பாவின் கடையில் உட்காரச் சொன்னால் ஏன் மறுக்கிறான்? அங்கே மூன்று மடங்கு சம்பளம் என்பான். நியாயமான பதில். அப்படியானால் கடையை மூன்று மடங்கு சம்பாதிக்கும் கடையாக மாற்ற அவனுக்கு உரிமை கொடுத்தோமா? கல்லாப்பெட்டியின் சாவியை நாம் இடுப்பிலேயே செருகிக்கொண்டிருந்தால் அவன் பாலம் ஏறாமல் என்ன செய்வான்?

தம்பிகளே, தங்கைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தத் தெருவின் கடை ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. யார் தொடங்கினார், எந்த ஊரிலிருந்து வந்தார், ஜப்பான்காரன் காலத்தில் என்ன ஆனது, முதல் வாடகை எவ்வளவு. பெரியவர்கள் இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேளுங்கள். கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். அந்தக் கதைதான் நாளைக்கு வாசலில் மாட்டப்போகிற பலகை. அதை வைத்து வார இறுதியில் பத்துப் பத்துப் பேராக அழைத்துக்கொண்டு நடக்கலாம். கட்டணம் வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள்.

தாய்மார்களே, அடுத்த தீபாவளிக்கு ஒரு சேலையாவது, ஒரு குத்துவிளக்காவது ஜாலான் உங்கு புவானில் வாங்குங்கள். அங்கே இல்லையென்றால் 'ஏன் இல்லை?' என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், அடுத்த ஆண்டு இருக்கும். சிங்கப்பூரிலிருந்து உறவினர் வந்தால் வெறுமனே சாப்பாடு போட்டு அனுப்பாமல் கோயிலுக்கும் டோபி தெருவுக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். 

கடைசியாக வணிக நண்பர்களே, உங்களுக்கு. அடுக்குமாடிக்காரர்களும் கோப்பிக்கடைக்காரர்களும் நம் தெருவில் இடம் கேட்டு வரத்தான் போகிறார்கள். உங்களில் பலர் கடைக்கு வாடகைக்காரர்கள். மாதத்துக்கு மாதம் வாய்ப்பேச்சில் ஓடுகிற வாடகையை நம்பி இருக்காதீர்கள். ஆர்டிஎஸ் ஓடுவதற்கு முன்பே உரிமையாளரோடு உட்கார்ந்து, முடிந்த அளவு நீண்ட காலத்துக்கு ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, முத்திரை வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வாரமே போய்க் கேளுங்கள்.